துரை வீட்டுக் கதவில் போட்ட நம்பர்

அறுபதுகளோட கடைசியில நடந்தது இது. மாத்தளை டவுன்தான் எனக்குச் சொந்த ஊர். பட்டம் வாங்கிட்டு பல்கலைக்கழகத்துல மேற்படிப்புப் படிச்சுக்கிட்டிருந்தேன். வகுப்புல ஏழு பேர் சேர்ந்து, வெறும் புத்தகத்தைப் புரட்டினது போதும், லீவுல உருப்படியா ஏதாவது செய்வோம்னு கிளம்பி, நாவுலங்கிற ஊருக்குப் போற பாதையில இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். ஏழு பேர்ல தமிழ் பேசுறவ நான் ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் சிங்களப் பிள்ளைங்க. எங்க ஏழு பேர்ல தலைவரா இருந்தவர் கலேவெலக்காரர், நல்ல மனுஷன், என்னை ‘நங்கி’ன்னுதான் கூப்பிடுவார். தங்கச்சின்னு அர்த்தம்.

முந்தின வருஷ மழையில, தொழிலாளிங்க குடியிருந்த வரிசை வீடுகள்ல, அதான் லயங்கள்ல, நெருப்புக் காய்ச்சல்ங்கிற டைபாய்டு வந்து பிள்ளைங்க செத்துப் போயிருந்தாங்க. திறந்து கிடந்த ஊற்றுத் தண்ணிதான் காரணம். ஊற்றைச் சுத்தி சீமெந்துத் தொட்டி கட்டி, மூடி போட்டு, குழாய்ல தண்ணியை லயத்துக்கு இறக்கணும். எல்லாருக்கும் தடுப்பூசி போடணும். அடுத்த மழைக்கு முன்னால முடிக்கணும். தோட்டத்தை நடத்தின துரை வெள்ளைக்காரர். தோட்டத்துக்குள்ள கூட்டம் கீட்டம் கூடினா அன்னைக்கே வெளியே போயிடணும்னு சொல்லித்தான் அனுமதி கொடுத்தார்.

எந்த வீட்டுல யாருக்கு ஊசி போட்டோம்னு தெரியணுமே. தலைவர், கரும்பலகையில எழுதுற வெண்கட்டியை எடுத்து, ஒவ்வொரு கதவுலயும் நம்பர் போடச் சொன்னார். சனங்க வேலைக்குப் போயிருந்த நேரத்துல அழகா வரிசையா போட்டு முடிச்சோம். எங்களுக்கு அப்படி ஒரு பெருமை!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போய்ப் பார்த்தா ஒரு நம்பரையும் காணோம். ஈரத் துணியால துடைச்சு எடுத்திருந்தாங்க. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. வாசல் இஸ்தோப்புத் திண்ணையில ஒரு ஈ காக்கா இல்லை. லயத்தோட கடைசி வீட்டுக்குள்ள மட்டும் ஒரு பிள்ளை முனகுற சத்தம் கேட்டது. கதவைத் தட்டினேன்.

“நேத்து நம்பர் போட்டீங்க, இன்னிக்கு ஆள் எண்ண வந்துட்டீங்களா? எங்களை எந்தக் கப்பல்ல ஏத்தப் போறீங்க?” உள்ளேயிருந்து ஒரு அம்மா கேட்டாங்க.

அப்பத்தான் விளங்குச்சு. ரெண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இந்திய வம்சாவளித் தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பப் போறாங்கன்னு ஊரே பேசிக்கிட்டிருந்த காலம் அது. நம்பர் விழுந்த வீடு கப்பலுக்குப் போற வீடுன்னு நினைச்சிட்டாங்க. பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுப் போகச் சொன்னா யாருதான் கதவைத் திறப்பாங்க? ஊசிக்குத்தான் நம்பர்னு கெஞ்சிப் பார்த்தேன். நம்பினாத்தானே! உள்ளே பிள்ளை அனத்துது, நான் வெளியே நிக்கிறேன். எனக்கோ கோபம் மூக்கு மேல வர்ற சுபாவம்.

“அம்மா, துரை வீட்டுக் கதவுலயும் இதே மாதிரி நம்பர் போட்டா நம்புவீங்களா?”ன்னு கத்திட்டேன்.

பக்கத்து வீட்டுக்குள்ள யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. “போட்டுக் காட்டு புள்ள, பாப்போம்!”

வாயை விட்டாச்சு. இனி பின்வாங்க முடியுமா? தலைவர்கிட்ட சிங்களத்துல சொன்னேன். பைத்தியமான்னு கேட்டார். துரை விரட்டினா தொட்டியும் போச்சு, ஊசியும் போச்சுன்னார். சொன்னது நியாயம்தான். ஆனா அந்த முனகல் அவர் காதுலயும் விழுந்துச்சு. கொஞ்சம் யோசிச்சிட்டு, சட்டைப் பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து என் கையில வச்சார். “உன் பேச்சைத்தான் இவங்க கேட்பாங்க நங்கி. நீ முன்னால போ, நாங்க பின்னால வர்றோம்.”

பங்களாவுக்கு ஏறும்போது திரும்பிப் பார்க்கிறேன், பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வெளியே வந்து எட்டத்துல தொடர்ந்து வர்றாங்க. கூட்டம் கூடக் கூடாதுன்னு சொன்ன மனுஷன் வாசலுக்கே கூட்டம் போகுது! துரை அரைக்கால்சட்டையோட வெளியே வந்தார். முகம் செவந்திருந்தது. நான் இங்கிலீஷ்ல எல்லாத்தையும் மூச்சு விடாம ஒப்பிச்சேன். ஒரு பிள்ளை காய்ச்சல்ல கிடக்குது, உங்க கதவுல ஒண்ணாம் நம்பர் விழுந்தாத்தான் அந்தக் கதவு திறக்கும்னு சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். வேலி ஓரத்துல நின்ன பொம்பளைங்களைப் பார்த்தார். ஒண்ணாம் நம்பர்னா முதல் ஊசியும் எனக்கான்னு கேட்டார். ஆமா சார்னேன். முகத்துல ஒரு சின்னச் சிரிப்போட ஒதுங்கி வழி விட்டார். அந்தப் பளபளப்பான கதவுல பெரிசா ஒண்ணுன்னு எழுதினேன்.

“அடியேய், தொரையும் நம்மளோட கப்பலேறப் போறாருடி!”ன்னு ஒருத்தி கத்தினா பாருங்க, அத்தனை பேரும் வயிறு குலுங்கச் சிரிச்சாங்க.

நாங்க இறங்கி வரும்போது கடைசி வீட்டுக் கதவு திறந்திருந்தது. பிள்ளையோட உடம்பு அனலா கொதிச்சது. தோட்டத்து லொறியிலேயே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் பிழைச்சிடும்னு சொன்னதும் அந்த அம்மா என் தோள்ல சாய்ஞ்சு அழுதாங்க. நானும் அழுதேன்.

அதுக்கப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கல. வேலை முடிஞ்சு வந்த கையோட ஆம்பளைங்க மண் வெட்டினாங்க, பொம்பளைங்க வரிசையா நின்னு சீமெந்துச் சட்டியைக் கை மாத்தினாங்க. சொன்ன மாதிரியே முதல் ஊசி துரைக்குத்தான். மழைக்கு முன்னால தொட்டி முடிஞ்சது. அந்த மழையில ஒரு பிள்ளைக்கும் நெருப்புக் காய்ச்சல் வரல்ல.

நாங்க கிளம்புற அன்னைக்கு அந்த அம்மா வழி மறிச்சு நின்னாங்க. பக்கத்துல பிள்ளையும் நிக்குது. “எங்க வீட்டு நம்பரைத் துடைச்சிட்டேனே, நீயே எழுதிட்டுப் போ தாயி”ன்னாங்க. எழுதினேன். எழுத்து நேரா வந்தது.

அவங்க பயந்தது பொய்யில்லைன்னு பின்னால வந்த வருஷங்கள் காட்டிருச்சு. அந்த லயங்கள்ல இருந்து எத்தனையோ குடும்பம் நிஜமாவே கப்பலேறிப் போனாங்க. அதை நினைச்சா இப்பவும் மனசு வலிக்கும். அதுக்கப்புறம் நான் பெரிய பட்டம் வாங்கினேன், பதவியில இருந்தேன், மாலையும் விழுந்துச்சு. ஆனா எனக்குத் தலைமைப் பதவி கிடைச்சது எப்போன்னு யாராவது கேட்டா, ஒரு நல்ல நண்பன் தன் கையில இருந்த வெண்கட்டியை என் கையில வச்ச அந்த ஞாயிற்றுக்கிழமைதான்னு இன்னைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்.