கொள்ளேகாலுக்குத் திரும்பிய மெயில்

நாலாக மடித்த அந்தத் தாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கொள்ளேகாலில் அட்டைப்பெட்டி செய்கிற அண்ணன் ஒருவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மைசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு பஸ் ஏறி வந்தார். எங்களுக்கு அனுப்பிய கொட்டேஷன் அவருக்கே திரும்பிவிட்டது. ‘உங்கள் மெயில் தடுக்கப்பட்டது’ என்று வந்த பதிலைத்தான் அச்செடுத்து வந்திருந்தார். அன்று மாலை ஐந்து மணிக்குக் கெடு. இந்த ஆர்டர் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்றார்.

தடுத்தவர் எங்கள் சிஸ்டம்ஸ் மேனேஜர். குப்பை மெயில் வந்தால், அது கிளம்பிய கம்ப்யூட்டரின் ஐ.பி. எண்ணை மறிப்பதில் தப்பில்லை. நானும் அதைத்தான் செய்கிறேன். அந்த ஆளோ ஒரு எண்ணுக்காக அக்கம்பக்கத்து எண்கள் எல்லாவற்றையும் மறிப்பார். சின்னக் கம்பெனிகள் ஒரே சர்வர் நிறுவனத்தில் பக்கத்துப் பக்கத்து எண்களில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறவை. ஒரு போர்ஷனில் திருடன் இருந்தால் காம்பவுண்டுக்கே பூட்டா? கேட்டால் சிரிப்பார். “மொத்தமா மூடுடா. வேணும்னா பஸ் ஏறி வருவான்.”

வந்தாரே. மேனேஜர் அந்தத் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. தடையை எடுக்க வேண்டுமானால், பதிவு செய்த முகவரியிலிருந்து மெயிலில் விண்ணப்பிக்கச் சொன்னார்.

“அந்த மெயிலுதானுங்க சார் உள்ள வரமாட்டேங்குது.”

“ரூல்னா ரூல்தான்.”

நான் அண்ணனுக்காகப் பேசினேன். “என்னடா, உன் மாமனாரா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான் இருந்தது. கொட்டேஷனைக் கையில் கொடுத்தால் பர்ச்சேஸ்காரர்கள் வாங்க மாட்டார்கள். அதுவும் மெயிலில்தான் வரவேண்டுமாம். அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்று போனிலிருந்து விண்ணப்பத்தை அனுப்பிக்கொண்டே இருந்தார். எல்லாம் திரும்பி வந்தது. ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. ஆர்டர் வேறு ஒருவருக்குப் போனது. பட்டறையும் அந்த வருஷமே போய்விட்டது.

மேனேஜர் ரிட்டையர் ஆனபோது, குப்பை மெயிலே வராமல் காத்தவர் என்று புகழ்ந்து மைசூர்ப் பேட்டா தலைப்பாகை கட்டி, சால்வை போர்த்தினார்கள். நான் கை தட்டவில்லை.

இன்று அந்த நாற்காலி என்னுடையது. போன வாரம் நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மெயில் திரும்பி வருகிறதாம். பார்த்தேன், பழைய மேனேஜர் மொத்தமாகப் போட்ட தடை; குற்றம் பக்கத்துக் குடித்தனக்காரனுடையது. அவர் முகவரிக்கு மட்டும் வழி திறந்துவிட்டேன். கையிலிருந்த டீகூட ஆறவில்லை. அவ்வளவுதான் வேலை. அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

அன்று சங்கு ஊதியதும் அண்ணன் அந்தத் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.