சார்ஜருக்குப் போடாத கட்டை

நான் வசிக்கும் மிச்சிகன் ஊரில் சரிவு என்று ஒன்று கிடையாது. தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் தினமும் மாலை வேலையிலிருந்து வந்ததும் காரின் பின்சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன். பக்கத்து வீட்டு டேல் ஒரு வாரம் பார்த்தார். அப்புறம் தாங்கவில்லை, வந்து கேட்டேவிட்டார்.

“திருட்டுப் பயமா?”

“இல்லை. எங்கள் ஊர் மலை.”

அவர் சற்று யோசித்தார். “உங்கள் நாட்டு வண்டிகளில் பிரேக் கிடையாதா?” என்றார், உண்மையான பரிவோடு. எனக்குச் சுரீரென்றது. இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கட்டை என் அண்ணனுடையது. அண்ணன் குன்னூர்ப் பக்கம் பிக்கப் வண்டி ஓட்டியவன். சிறு தோட்டக்காரர்களிடம் பச்சைத் தேயிலை மூட்டைகளை ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோவான். அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர், நான் விமானமேறிப் போனவன். எங்கள் குடும்பத்தில் ஓரிடத்தில் நின்றவன் அவன் ஒருவன்தான். ஆனால் அவனுடைய கிறுக்கெல்லாம் அமெரிக்காமேல். பழைய அமெரிக்க மஸில் கார்களின் மாடல்கள், நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு அளவில். கதவு திறக்கும், பானட் திறக்கும், உள்ளே எட்டு சிலிண்டர் எஞ்சின் தெரியும். “பொம்மை எத்தனை ஆச்சுண்ணா?” என்று கேட்டால் போதும், “பொம்மைங்காதடா, மாடல்!” என்று எகிறுவான்.

ஒவ்வொரு லீவுக்கும் இங்குள்ள பழம்பொருள் சந்தைகளில் அலைந்து ஒன்றிரண்டு வாங்கிப் போவேன். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைப்பது போல, அவன் நான்கு சுண்டைக்காயைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டிய பிறகே மாடலை அலமாரியில் ஏற்றுவான். அந்தச் சிமென்ட் அலமாரியும் எங்கள் ஊரைப் போலவே சரிவு. அதனால் எல்லா மாடலுக்கும் அழிரப்பரைச் சீவிக் குட்டிக் கட்டை போட்டிருப்பான். “இதெல்லாம் நேரா ஓடறதுக்குன்னே செஞ்ச வண்டிடா. பர்லியார் வளைவுக்குக் கொண்டாந்தா மொத வளைவுலயே திணறிரும்” என்று சொல்லிச் சிரிப்பான். மஸ்டாங் இருந்தது, கமேரோ இருந்தது. கரும்பச்சைச் சார்ஜர் கார் ஒன்றுதான் பாக்கி. வருடக்கணக்காகக் கேட்டான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அதுவும் கிடைத்தது. கொண்டுபோன மறுநாள் மத்தியானம், மழை விட்ட நேரம், லோடு வண்டியில் அவனோடு போனேன். வழியில் கொடுத்து அவனை அசத்தலாமென்று வைத்திருந்த சார்ஜர் என் மடியில், பெட்டிக்குள் இருந்தது. ஏற்றத்தில் மூட்டைக் கயிறு தளர்ந்துவிட்டதென்று வண்டியை நிறுத்தினான். மலையில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவன் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். போட்டுவிட்டு “போட்டாச்சு” என்று குரல் கொடுக்கும்வரை டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டான். சில்வர் ஓக் மரத்தில் அவனே அறுத்த கட்டை என் காலடியில் கிடந்தது.

“கட்டையப் போட்ரா.”

நான் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தெர்மோகோலிலிருந்து சார்ஜரைக் கண்ணாடி உடையாமல் எடுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறானே, ஒரு நிமிடம்தானே என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடம் சமதரையில் ஓட்டிய புத்தி.

“போட்டாச்சா?”

“போட்டாச்சுண்ணா.”

அவன் இறங்கிப் பின்பக்கம் போனான். வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னால் தடுப்புச் சுவர் இருந்தது. இதற்குமேல் எழுத என்னால் ஆகாது.

கட்டை போட்டேன், ஈரத்தில் வழுக்கிவிட்டது என்று போலீஸிடமும் சொன்னேன், அண்ணியிடமும் சொன்னேன். ஊரே நம்பியது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பாவி நான், அதையும் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் அண்ணி ஒரு பார்சல் அனுப்பினார். சார்ஜரையும் சேர்த்துப் பதினோரு மாடல்கள், ஒவ்வொன்றும் அவருடைய பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்தது. எடுத்து ஷெல்ஃபில் அடுக்கினேன். காலையில் பார்த்தால் சார்ஜர் மட்டும் விளிம்புக்கு வந்து நின்றது. ஹீட்டர் அதிர்வு என்றாள் என் மனைவி. ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தேன், ஷெல்ஃபில் ஒரு நூல்கூடச் சரிவில்லை. மறுநாளும் சார்ஜர் விளிம்பில். மூன்றாம் நாள், குட்டிக் கட்டைகள் பெட்டியில் இருக்கின்றனவா என்று துழாவினேன். அடியில் ஒரு துணிமூட்டை கனத்தது. பிரித்தேன். உள்ளே சில்வர் ஓக் கட்டை.

அண்ணிக்குப் போன் போட்டேன்.

“வந்து சேந்துச்சுங்களா தம்பி?”

“அண்ணி, இந்தக் கட்டை...”

“ஸ்டேஷன்ல இருந்து வண்டிய எடுத்தாந்தப்பவே பார்த்தனுங்க. நீங்க ஒக்காந்திருந்த சீட்டுக்குக் கீழ கெடந்துச்சு. மண்ணு கூட ஒட்டல.”

“ஏன் அண்ணி என்னைக் கேக்கல?”

“கேட்டா அவரு வந்துருவாருங்களா? நீங்களாச் சொல்லுவீங்கன்னு ரெண்டு வருசமாப் பார்த்தேன். வாரம் தவறாமக் கூப்புடறீங்க, சாப்டீங்களாங்கறீங்க, வெச்சர்றீங்க.”

சொன்னேன். போடாமலே போட்டாச்சு என்று சொன்னதையும், அதை நம்பித்தான் அவன் காலை எடுத்தான் என்பதையும், மடியில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. அண்ணி அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“வண்டி ஊட்டு முன்னாடி அந்தச் சரிவுலதானுங்க நிக்குது” என்றார் கடைசியில். “விக்க மனசு வல்ல. கல்லு வெச்சிருக்கேன், மழைக்கு நகுருது. வந்து உங்க கையால அந்தக் கட்டையப் போடுங்க. போட்டுட்டு, போட்டாச்சுன்னு சொல்லுங்க. நான் கேக்கோணும்.”

மன்னித்தேன் என்று அண்ணி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

லீவு கேட்டுவிட்டேன், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அதுவரை கட்டையைச் சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்தச் சமதரையில், எங்கும் உருளாத என் காருக்கு அதைப் போடுகிறேன். குனிந்து போட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிரே டேல் கையசைக்கிறார், நானும் அசைக்கிறேன். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பிரேக்கில் கால் வைத்தபடி என் குரலுக்காகக் காத்திருப்பது போலிருக்கிறது. நான் வாயைத் திறப்பதில்லை. அந்த ஒரு வார்த்தையை அங்கே போய்த்தான் சொல்ல வேண்டும்.