சுவரில் நீல விரல்கள்

மெஹராஜ் பேகம் எந்த வேலையையும் முடித்துவிட்டு அக்கடா என்று உட்கார்ந்ததில்லை. கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறவளுக்கு அது எங்கே வாய்க்கும்? இன்றைய கூடுகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் நாளைக்கான தாள்கட்டு இடுப்பில் இருக்கும். கணவன் மஸ்தான் இறந்த 1951-இல் இந்த வீட்டுக்குக் குடிவந்தாள். பதினோரு வருஷமாக அதே மூலை, அதே முதுகுவலி.

அவளுக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர் கதாசிரியர் வன்னியபெருமாள். ஊரே கொண்டாடுகிற பெயர். அவர் எழுதியதில் அவள் ஒரு வரி படித்ததில்லை. படிக்க நேரம் யார் கொடுத்தார்கள்?

வீட்டுக்காரர் ராமசுப்பு வீட்டை இடித்துவிட்டுத் தீப்பெட்டி குடோன் கட்டப்போவதாகச் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட வாத்தியார் அய்யாத்துரை நாலு பேரோடு, காலமான கதாசிரியர் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வந்தார். வெள்ளையடித்தே அறியாத மூலைச் சுவரில் நீலநீலமாக விரல் தடங்கள். வாத்தியார் செருப்பைக் கழற்றினார்.

"பாத்தியளா, பேனா மை! அவிய எழுதி எழுதி விரலைச் சொவத்துலயே தொடச்சிருக்காவ."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மெஹராஜுக்குச் சிரிப்பு முட்டியது. கூட்டில் ஒட்டுகிற நீலத்தாள் பசையில் நனைந்தால் சாயம் விரலில் ஏறும். எழுந்துபோய்க் கழுவ நேரமில்லாதவள் உட்கார்ந்தபடியே சுவரில் துடைத்துக்கொள்வாள். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாத்தியார், "இந்த வீட்டை எவன் இடிக்கான்னு பாக்கேன்" என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வீடு பிழைத்தது. வாத்தியாரும் கூட்டாளிகளும் சங்கம் சேர்த்து அதை ராமசுப்புவிடமிருந்து வாங்கினார்கள். நினைவில்லம் என்று பலகை எழுதினார்கள். இனி அதில் யாரும் குடியிருக்க முடியாது என்று அய்யாத்துரை தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, அது மையில்ல. எங் கை."

அவர் இரக்கத்தோடு பார்த்தார். "வருத்தம் இருக்கத்தான் செய்யும். அதுக்காவ இப்படிச் சொல்லலாமாம்மா?"

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மறுநாள் பசைச்சட்டியையும் இரண்டு பாத்திரங்களையும் சாக்கில் கட்டினாள். எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வழக்கம்போல மூலைச் சுவரைப் பிடித்தாள். விரல்கள் பழைய தடங்களிலேயே போய்ப் பதிந்தன.

"சொவத்தைத் தொடாதீங்கம்மா!" வாசலிலிருந்து வாத்தியார் பதறினார். "அழிஞ்சிரப் போவுது."

மெஹராஜ் கையை எடுத்தாள். தரையை ஊன்றி, மெதுவாக எழுந்தாள்.