ராய் டன்ஸ்டரின் முகம்

செய்தி வந்தபோது காலை ஏழு மணி. பெவர்லி ஹேஸல்டன் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். போனில் லினெட், ராய் டன்ஸ்டரை விட்டுப் பிரிந்த மனைவி.

"ராய் செத்துட்டான் பெவ். பிளாக்பூல்ல, பப் வாசல்ல. உடைஞ்ச கிளாசால மூஞ்சியில குத்திட்டாங்க."

ராயின் அம்மா இன்னும் லினெட்டோடுதான் இருந்தாள். மகன் முகத்தைப் பார்க்காமல் அடக்கம் செய்ய விடமாட்டேன் என்கிறாளாம். போலீஸ் உடலைத் தந்ததும் முகத்தைச் சரிசெய்ய வருவாயா என்று கேட்டாள் லினெட். முடியாது என்றாலும் கோபமில்லையாம்.

பெவர்லி யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். ராய்க்குத் தொலைக்காட்சியில் பல வருடம் ஒப்பனை செய்தவள் அவள். அவளுடைய வலது மணிக்கட்டை முறித்தவனே ராய்தான்.

ஓல்டாமில் இறைச்சிக் கடையில் எலும்பு வெட்டியவன் அவன். குத்துச்சண்டை மேடைகளில் மைக் பிடித்து, சால்ஃபோர்டு தொலைக்காட்சி நிலையத்தில் வானிலை சொல்லி, கடைசியில் சனிக்கிழமை மாலை நிகழ்ச்சியே அவனுடையதானது. நாடே சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தது. கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தால் கை நீளும். வசனம் எழுதியவருக்கு இரண்டு பல் போயிற்று. கார் ஓட்டியவரின் விரல்களைக் கதவில் வைத்துச் சாத்தினான். பொன்முட்டையிடும் வாத்தை யார் விரட்டுவார்? நிலையத்தார் வாயைத் திறக்கவில்லை.

ஒப்பனை நாற்காலியில் மட்டும் பூனைபோல் உட்காருவான். "என்னை மனுசனாக்கு, பெவ்வு கண்ணு. எங்கம்மாவால முடியல," என்பான். பெவர்லி மனம்விட்டுச் சிரிப்பாள். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆண்டுவிழா நேரலையன்று லினெட் வீங்கிய கண்ணோடு வந்தாள். கதவில் இடித்துக்கொண்டாளாம்.

"கதவு கோட்டு சூட்டெல்லாம் போடுமா?" என்றாள் பெவர்லி. ஆனாலும் நீலத்தின்மேல் ஆரஞ்சு, அதன்மேல் தோல் நிறம் என்று பூசி மறைத்தாள்.

மேடையில் ராய் மனைவியை அணைத்து, இவள் இல்லாமல் நான் இல்லை என்றான். லினெட் அழுதாள். பூச்சு கரைந்தது. விளம்பர இடைவேளையில் மேடையேறி முகத்தைத் தொடும் உரிமை ஒப்பனைக்காரிக்கு மட்டும்தான். தள மேலாளர் கையசைத்து அழைத்தார். பெவர்லி பஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். இடைவேளை முடிந்தது. கருத்த கண்ணை ஊரே பார்த்தது.

ராய் ஒப்பனை அறைக்குள் புகுந்து நாற்காலியால் கண்ணாடியை நொறுக்கினான். அவள் கையை மேசை விளிம்பில் வைத்து எலும்பு முறியும்வரை அழுத்தினான். "என்னைக் கொன்னுட்டடீ," என்றான். கத்தவில்லை. அதன்பின் எந்தத் திரையிலும் அவன் வரவில்லை. பிளாக்பூல் கடற்கரையின் மதுக்கடைகளில், பப்புகளில், பிங்கோ ஆட்டத்துக்கு எண்களைக் கூவினான். கேலி செய்தவர்களை அடித்தான், அடியும் வாங்கினான்.

மாலையில் பெவர்லி லினெட்டைக் கூப்பிட்டாள். "அந்த மூஞ்சிய வேற யார்கிட்டயும் குடுத்துடாத," என்றாள்.

அடக்கம் செய்பவரின் அறையில் அவன் கன்னம் காதுவரை தைக்கப்பட்டிருந்தது. மூக்கு இல்லை என்றே சொல்லலாம். பெவர்லி மெழுகால் மூக்கை எழுப்பினாள், தையலை மூடினாள், நிறம் ஏற்றினாள். முறிந்து கூடிய மணிக்கட்டு வீங்கித் தூரிகை நழுவத் தொடங்கியது. இடக்கைக்கு மாற்றினாள்.

கதவு திறந்தது. லினெட்டின் தோளைப் பிடித்தபடி ராயின் அம்மா வந்தாள். கிட்டே வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"என் புள்ளதான்," என்றாள்.

இடது புருவம் இன்னும் வரையப்படவில்லை.