வெயில் படாத துணி

அறுபதுகளின் கடைசியில் என் அக்காவுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். கொரட்டூரில் எங்கள் தெருவில் அதுவரை யாருக்கும் அப்படி நடந்ததில்லை. பார்க்க வந்தவர்கள் குழந்தையை ஒப்புக்குக் கொஞ்சிவிட்டு அக்காவின் வயிற்றைத்தான் விசாரித்தார்கள்.

தையல் பிரித்து அனுப்பியபோது ஓரத்தில் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. பழைய வேட்டியைக் கிழித்துக் கொதிக்க வைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டு, அதைத்தான் காயத்தின்மேல் வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியனுப்பினார்.

கொதிக்க வைப்பதில் அம்மா குறை வைக்கவில்லை. சோற்றுக்குக்கூட அவள் அவ்வளவு விறகு எரித்ததில்லை. காயப்போடுவதில்தான் வந்தது வினை. பிள்ளை பெற்றவளின் துணி தீட்டுத் துணி. ஆண்கள் கண்ணில் படக்கூடாது. எங்கள் வீட்டில் வெயில் விழுவதோ வாசல் கொடியில் மட்டும்தான். பக்கத்துப் பாடியிலிருந்த தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்தவர்கள் அந்த வழியாகத்தான் ரயிலடிக்குப் போவார்கள்.

ஒருநாள் நானே கொண்டுபோய் வாசலில் போட்டேன். அம்மா ஓடிவந்து உருவினாள்.

“இன்னாடி இது? ஆம்பளைங்க போய்க்கினு வந்துகினு கீற எடத்துல இத்தப் போடுவியா? மானம் போவுதுடி.”

“நர்சம்மா வெயில்லதான்மா போடச் சொன்னாங்க.”

“அவங்களுக்கு இன்னா? நம்ம தெருவுலயா குடியிருக்காங்க?”

துணிகள் குளியல் தட்டிக்குப் பின்னால், அம்மாவின் ஈரப் புடவைக்கு அடியில் போயின. மழைக்காலம் வேறு தொடங்கியிருந்தது. தொட்டால் சில்லென்றிருக்கும். அதைத்தான் மடித்து வைத்து, மகளுக்கு வலிக்காமல் பார்த்துப் பார்த்துக் கட்டினாள். அதையும் சொல்லாவிட்டால் பாவம்.

அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. கட்டை அவிழ்த்தால் நாற்றம் வாசல்வரை அடித்தது. அத்தான் டாக்ஸி பிடித்து மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

“துணிய எங்கம்மா காயவெச்சீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

அப்பாவும் அத்தானும் பக்கத்தில் நின்றார்கள். நான்தான் சொன்னேன். அம்மா என் முதுகுக்குப் பின்னாலிருந்து கையைக் கிள்ளினாள்.

அக்கா பிழைக்கவில்லை. சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அம்மாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வீடுவரை பொருமிக்கொண்டே வந்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு எதையும் கேட்க முடியவில்லை.

அன்று மழை விட்டு வெயிலடித்தது. அக்காவை வாசலில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். பெண்கள் சுற்றிலும் புடவை பிடித்து மறைத்தார்கள். அம்மா திடீரென்று பாய்ந்து அந்தப் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“எட்த்துடுங்கடி! எம் பொண்ணு மேல வெயில் படட்டும்டி!”

ஆம்பளைங்க நிக்கிறாங்க என்று சொல்லி, யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள்.