நின்றுபோன கலியாணத்துக்கு ஒரு வத்தகப்பழக் கொக்டெயில்

திருகோணமலைக்கு எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ஆகஸ்ட் மாதத்தைத்தான் சொல்வேன். நான் முதன்முதலில் போனதும் ஓர் ஆகஸ்ட் விடுமுறையில்தான், எழுபதுகளின் நடுவில். அப்போது யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தேன். படித்த காலத்தில் பள்ளி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த பிலோமினாவுக்குக் கலியாணம். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது தந்தி வந்தது: "கலியாணம் இல்லை. விருந்து உண்டு. பனங்கட்டியோடு வா."

காலை ஆறு மணி பஸ். வவுனியாவுக்குத் தொண்ணூறு மைல், அங்கே மாறி இன்னும் அறுபது மைல். இரண்டு டிக்கட்டும் பத்து ரூபாய்க்குள். ஹொரவப்பொத்தானைக்குப் பிறகு வீதி குலுக்கி எடுத்துவிடும் என்பதால், முடிந்தால் முன் இருக்கையைப் பிடியுங்கள். இரண்டு மணிக்கு இறங்கியபோது பஸ் நிலையத்தில் பிலோமினா நின்றாள். அழுத முகமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையை விடவேணுமாம்," என்றாள். "கலியாணக் காட் அடிக்கிற வரைக்கும் மாப்பிளை வீட்டார் வாய் திறக்கேல்லை. காட் குடுத்து முடிஞ்ச பிறகு கேக்கினம். மோதிரத்தைக் கழட்டி அனுப்பிட்டன்."

"அப்ப விருந்து எதுக்கடி?"

"அறுவது பேரைக் கூப்பிட்டாச்சு. இனி வராதேங்கோ எண்டால், நான் ஏதோ பிழை செய்த மாதிரி எல்லோ?"

லிங்கநகரில் அவள் வீடு. தகப்பன் இல்லை. தாய் அறைக்குள் படுத்திருந்தார், என்னோடும் கதைக்கவில்லை. பின்னேரம் தாய்மாமன் வந்தார், கதிரையில் இருக்கவும் மாட்டேன் என்றார்.

"கலியாணம் நிண்ட வீட்டிலை என்ன கொண்டாட்டம், பிள்ளை? எங்கடை ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம். நான் சொல்லிப்போட்டன்."

"வாறவை வரட்டும் மாமா. நான் கேற்றைப் பூட்டமாட்டன்."

அவர் போனதும் அவள் குசினியில் இருந்த இரண்டு பெரிய கிடாரங்களை இழுத்துக் கழுவத் தொடங்கினாள்.

அவளுடைய திட்டம் இதுதான். பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுத்துத் துக்க வீடு மாதிரி நடத்தக்கூடாது. குளிரக் குளிரப் பழக் கொக்டெயில். அந்த நாளில் சீனி கூப்பனுக்கு அளந்துதான், வெளிநாட்டுப் பழரசம் கண்ணிலும் இல்லை. அதனால்தான் என்னிடம் பனங்கட்டி கேட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வத்தகப்பழம் (தர்பூசணி) வாங்கக் கிண்ணியாவுக்குப் பஸ் எடுத்தோம், பன்னிரண்டு மைல். கடைசித் துண்டுக்குப் 'பாதை' என்கிற மிதவையில் ஏறிக் கடக்கவேண்டும். அதற்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். (இப்போது பாலம் இருக்கிறது, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.) வத்தகப்பழம் விற்ற சம்சுதீன் நானாவுக்கு எல்லாக் கதையும் முன்பே தெரிந்திருந்தது.

"கலியாணம் நிண்டா என்ன மகள், தாகம் நிக்குமா?" என்று பத்துப் பழம் தட்டிப் பார்த்து எடுத்துத் தந்தார்.

"சாராயம் படாத கிடாரம் வேறயா வைப்பன். அகப்பையும் வேற. பின்னேரம் நாலு மணிக்குக் குடும்பத்தோட வாங்கோ நானா," என்றாள் பிலோமினா.

"நாலு மணி எண்டா மூணரைக்கு வருவம்," என்றார்.

திரும்பி வந்ததும் சாராயக் கடை. அவள் உள்ளே நுழைந்ததும் கடையில் நின்ற ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆருக்குத் தங்கச்சி?" என்று முதலாளி கேட்டார். "எனக்குத்தான். நாலு போத்தில்," என்றாள். நான் வாசலில் நின்றேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஐஸ் கட்டி வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தோம்.

வத்தகப்பழத்தைச் சுரண்டி, வெள்ளைத் துணியில் பிழிந்தோம். அன்னாசியைச் சின்னத் துண்டாக வெட்டினோம். பனங்கட்டியைச் சுடுதண்ணீரில் கரைத்து வடித்தோம். தேசிக்காய்ப் புளியும் தட்டிய இஞ்சியும் சேர்த்தோம். ஒரு கிடாரத்தில் மட்டும் ஐந்து பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு சாராயம். குசினி முழுக்கச் சிவப்பு.

நாலு மணிக்கு வந்திருந்தது சம்சுதீன் நானா குடும்பமும் எக்ஸ்சேஞ்ச் பெண்கள் ஐந்து பேரும்தான். நாலரைக்கும் அவ்வளவுதான். கச்சான் காற்றில் மேசை விரிப்பு அடித்துக்கொண்டிருந்தது. பிலோமினா கூறைக்கென்று எடுத்த சேலையையே உடுத்து, கேற்றைப் பார்த்தபடி நின்றாள். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

அப்போது கேற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். தாய்மாமனின் மனைவி. பின்னால் அயலட்டைப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"மாமா வரமாட்டன் எண்டு சொன்னவரே?" என்றாள் பிலோமினா.

"அவர்தான் வரமாட்டாராம். நான் வரமாட்டன் எண்டு சொல்லேல்லையே. எது பிள்ளை, அந்தக் கிடாரம்?"

எல்லோரும் சிரித்த சத்தத்தில் அறைக் கதவு திறந்தது. இரண்டு நாளாக வெளியே வராத தாய், தலை வாரி இழுத்து வந்து நின்றார். அகப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"உப்புக் காணாது," என்றார் தாய். உப்புப் போட்டுக் கலக்கி, தானே கிளாஸ்களில் ஊற்றத் தொடங்கினார்.

ஆறு மணிக்குள் முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். மற்றவர்கள் வரவேயில்லை, மாமா உட்பட. பிலோமினா திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். ஓய்வு பெறும்வரை அந்த வேலையை விடவில்லை. மாமா பிறகு நாலு வருடம் அவளோடு கதைக்கவில்லை. அவள் அதற்காக ஒரு நாளும் அவர் வாசலில் போய் நிற்கவும் இல்லை.

நீங்களும் செய்வதென்றால் சில விஷயம். ஐஸைக் கிடாரத்துக்குள் போடாதீர்கள், சாறு தண்ணீராகிவிடும். கிளாஸில் போடுங்கள். சாராயத்தைக் கடைசியாகச் சேருங்கள். குடிக்காதவர்களுக்கு வேறாக வையுங்கள், அதுவும் இதே அளவு ருசியாக இருக்கவேண்டும். பழம் கிண்ணியாவில் காலையிலேயே வாங்குங்கள். பத்து மணிக்குப் பிறகு நல்லது மிஞ்சாது. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாவிட்டாலும் நிறையவே செய்யுங்கள். வருகிறவர்களுக்குப் போதாமல் போகக்கூடாது, வராதவர்களின் பங்கை நீங்கள் குடிக்கலாம்.