மை தடவிய கார்டு

அத்தையின் குரலை வாங்கிப் போனவர்கள் அதைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். போன மாதம் அந்த ஆவணக் காப்பகத்துக்குப் போய்க் கேட்டேன். அத்தை பேசுகிறாள், சிரிக்கிறாள், நடுவில் சேவல் கூவுகிறது. கடைசியில் ஒரு சிறுமி கத்துகிறாள். அதோடு ஒலிப்பதிவு நின்றுவிடுகிறது. அந்தச் சிறுமி நான்.

அத்தை என் நைனாவின் அக்கா. அவள் கணவர், அதாவது என் மாமா, பொதட்டூர்பேட்டையிலிருந்து பம்பாய்ப் பக்கம் தறி ஓட்டப் போனவர். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. அவர் வரும்வரை தம்பி வீட்டில் இருக்கிறேன் என்று டிரங்குப் பெட்டியோடு கே.ஜி.கண்டிகைக்கு எங்களிடம் வந்துவிட்டாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல். ஊரில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் முதல் வளையல் போட அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் கூப்பிடுவதற்கு முன்பே தலைசீவித் தயாராக இருப்பாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது காப்பகத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். பிழைக்க வெளியூர் போனவர்களின் கடிதங்களையும், அவர்கள் வீட்டார் சொல்லும் கதைகளையும் சேகரிக்கிறார்களாம். நம் வீட்டுக் காகிதத்துக்கும் மரியாதை வந்துவிட்டதே என்று நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. பொங்கல் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் இப்ப எங்கம்மா இருக்கார்?" என்று அந்த அக்கா கேட்டார்.

"அங்கதான் கீறாரு. வேல ஜாஸ்தி. ஆடிக் கிருத்திகைக்கு வந்துடுவாரு," என்றாள் அத்தை. எத்தனையோ ஆடிக் கிருத்திகை வந்து போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் பெயரைச் சொல்லி மலையேறிவிட்டு வருவாள்.

கடிதங்களைப் பார்க்கலாமா என்றதும், "இருங்க, நானே எடுத்தாறேன்," என்று எழுந்தாள். ஆனால் நான் சும்மா இருப்பவளா? அவள் முந்தானையைச் சரிசெய்வதற்குள் பெட்டியைத் திறந்து, கடிதக் கட்டைக் கொண்டுவந்து பிரித்தேவிட்டேன். உறைகளுக்கு நடுவே ஒரு தபால் கார்டு இருந்தது. அதன் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். சாவுச் செய்தி. வாசலில் நின்றபடியே படித்துக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது. பெரியவர்களுக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

"ஐயையோ, சாவுக் கார்டு! இத்தப் போயி உள்ள வெச்சிகினு கீறீங்க!" என்று கத்திக்கொண்டே இரண்டாகக் கிழித்தேன்.

அக்கா ஒலிப்பதிவுக் கருவியை அணைத்தார். "அது பக்கத்து வூட்டுக்காரங்களுது. தபால்காரன் மாத்திப் போட்டுட்டான்," என்று அத்தை கையை நீட்டினாள். அதற்குள் நைனா இரண்டு துண்டையும் சேர்த்துவைத்துப் படித்துவிட்டார். மாமாவோடு தங்கியிருந்த யாரோ எழுதியது. மாமா காய்ச்சலில் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அத்தை எங்களிடம் வந்து சேர்வதற்கு முந்தின வாரமே வந்த கார்டு அது.

அக்கா காகிதம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது, பேசியதை அழித்துவிடட்டுமா என்று தயங்கிக் கேட்டார்.

"இருக்கட்டும்மா," என்றாள் அத்தை. "அதுலயாவது அவரு இருக்கட்டும்."

மறுநாள் விடிந்ததும் சொந்தக்காரப் பெண்கள் வந்து அவளைக் கிணற்றடியில் உட்காரவைத்தார்கள். பொட்டை அழித்தார்கள், வளையல்களை உடைத்தார்கள், தாலியைக் கழற்றினார்கள். நைனா வரப்பில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. செய்ய வேண்டியதைத்தானே செய்தேன் என்றிருந்தேன்.

சாயங்காலம் அத்தை அடுப்பங்கரையில் தனியாக அழுதுகொண்டிருந்தாள். ஆறுதல் சொல்வோம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா செத்து அஞ்சி வருசம் ஆச்சே அத்தே. இப்ப எதுக்கு அழற?"

"அவருக்கு அப்பவே அழுதுட்டேன்டி. யாருக்கும் கேக்காம, ஒண்டியா அழுது முடிச்சிட்டேன்."

அப்படியானால் இந்த அழுகை யாருக்கு என்று எனக்கு விளங்கவில்லை. விடாமல் அதையும் கேட்டேன். அத்தை வளையல் இல்லாத வெறுங்கையால் என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.